பூங்காவுக்குள் வந்த மாடன்

நான் என் அண்ணனைப் பூப்பந்து மட்டையால் அடித்ததை எங்கள் நகர்க்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். அதற்கு முந்தின நொடியில் அவன் என்னைக் கன்னத்தில் அறைந்ததை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லையாம்! ஒரே நேரத்தில் எல்லார் கண்ணிலும் தூசி விழுந்துவிட்டது போலிருக்கிறது. "கூடப்பொறந்தவன் மேல கை நீட்டிட்டாளே, இவள்லாம் ஒரு டீச்சராக்கும்" என்று தெருத்தெருவாகப் பேசினார்கள். ஆமாம், நீட்டினேன். தோள்பட்டையில் விழுந்தது அடி. இன்னும் ஒன்று போட்டிருப்பேன், மட்டை முறிந்து பிடி மட்டும் கையில் நின்றது.

சண்டை ஒரு பூங்காவுக்காக. பூங்கா என்றதும் நீங்கள் பூவைத் தேடக் கூடாது. திருநெல்வேலி டவுணுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் வயலை மூடி மனை போட்ட நகர் எங்களுடையது. மனை பிரித்தபோது பொது உபயோகத்துக்கென்று ரோட்டைப் பார்த்தாற்போல ஒரு துண்டு நிலத்தை விட்டிருந்தார்கள். அதில் ஒரு பெரிய வேம்பு, நாலைந்து புங்கை, பலகை இல்லாத ஊஞ்சல், சிமெண்டு பெஞ்சுகள். பென்சன் வாங்கும் பெரிய மனுஷர்கள் சாயங்காலம் முழுக்க அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து நாட்டு நடப்புப் பேசுவார்கள். ஒரு பெண்பிள்ளை அங்கே உட்கார்ந்து நான் பார்த்தது கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் இது நடந்தது. நான் பக்கத்துப் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில் அம்மாவோடும் மதினியோடும் இருந்தேன். அண்ணன் கூட்டுறவுத் துறையில் அதிகாரி, நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான். எங்களுடையது முட்டை வாசனைகூடப் படாத சைவ வீடு. கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அப்பாவிடமிருந்து வேறு எதையும் நாங்கள் பங்கு போட்டுக்கொண்டதில்லை, அதை மட்டும் ஆளுக்குச் சரிபாதி எடுத்துக்கொண்டோம்.

பள்ளியில் மைதானம் இருந்த இடத்தில் புது வகுப்பறைகள் கட்டிவிட்டார்கள். அதனால் என் பிள்ளைகளை விடிகாலையில் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுப் பூப்பந்து ஆடவைத்தேன். கம்பளி நூல் பந்து, காற்றடித்தால் தன் இஷ்டத்துக்குப் போகும். ஐப்பசி மழை பிறந்தால் அந்த இடம் குளம். அதைவிடப் பெரிய தொந்தரவு மதில்மேல் வந்து உட்காருகிற பயல்கள். பிள்ளைகள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடுவார்கள், இவன்கள் விசிலடிப்பான்கள். ஒருநாள் ஒருத்தன் இறங்கி வந்து ஒரு பிள்ளையின் தாவணி முந்தியைப் பிடித்து இழுத்தான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, மட்டையை விளிம்புவாட்டில் திருப்பி முழங்காலில் நாலு வைத்தேன். "சவத்து மூதி, இனிமே இந்தப் பக்கம் வருவியால? வருவியால?" என்று கேட்டுக் கேட்டு வைத்தேன். நொண்டிக்கொண்டே ஓடினான்.

தாவணி இழுபட்ட பிள்ளை பஸ் ஸ்டாப் பக்கம் இட்லிக் கடை வைத்திருந்தவரின் மகள். பிளஸ் டூ படித்தாள். என் இத்தனை வருஷ வேலையில் அவளைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை. எதிராளி எங்கே நிற்கவில்லையோ அங்கே பந்தைக் கொண்டுபோய்ப் போடுவாள். விளையாட்டுக் கோட்டாவில் கல்லூரியில் இடம் நிச்சயம் என்று நான் சத்தியமே பண்ணியிருந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் அப்பா கடைக்குள் என்னை உட்காரவைத்துப் பேசினார். நல்ல மனுஷர், மகள் ஆடுவதை வேம்புக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுப் போகிறவர்.

"ரோட்டுல போறவன் வாறவன்லாம் பாக்க எம்பிள்ள ஆட வேண்டாம் டீச்சர். நாலு சொவத்துக்குள்ளன்னா ஆடட்டும், காலேஜுக்கும் அனுப்புதேன். இல்லன்னா ஆவணியில எம்மச்சினனுக்குக் கட்டிக் குடுத்துருவேன்."

"அவ மாமனுக்கு வயசு என்ன, இவளுக்கு வயசு என்ன?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சட்னிச் சட்டியைக் கிண்டினார். அவர் பேச்சில் மாற மாட்டார் என்று தெரிந்தது. எனக்கு நாலு சுவர் வேண்டும், அதுவும் ஆவணிக்குள் அடையாளமாவது தெரிய வேண்டும்.

அந்த நேரத்தில்தான் டவுணில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அந்த யோசனையோடு வந்தார். சங்கத்துக் கூட்டம் பூங்காவிலேயே நடந்தது. வேம்படியில் இரும்பு நாற்காலி போட்டு, மைக் கட்டி, ஊரே கூடியிருந்தது.

"சும்மா கெடக்க இடம்தான வே" என்றார் அண்ணாச்சி. "ரோட்டுப் பக்கம் பாதிய எனக்கு விடுங்க, கல்யாண மண்டபம் கட்டிக்கிடுதேன். மீதிப் பாதில மேக்கூரை போட்டு விளையாட்டுக் கொட்டகை, ஒரு லைப்ரரி, பொம்பளையாளுக்குத் தனி கக்கூசு, எல்லாம் எஞ்செலவு. பெரிய ஆபீஸ்லயும் பேசியாச்சு. நீங்க சரின்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

அண்ணன் எழுந்தான். "இன்னைக்குப் பாதி கேக்காரு. நாளைக்கு மண்டபத்துக்கு வார காரை நிப்பாட்ட மீதியையும் கேப்பாரு. பொது எடத்துல ஒரு சாண் விட்டாலும் விட்டதுதான். பொறவு நம்ம பிள்ளையளுக்குக் காத்து வாங்கக்கூட எடம் இருக்காது."

பெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். "மண்டபம் வந்தா மைக் செட்டு அலறும், வாசல்ல எச்சி எலை நாறும்" என்றார் ஒருவர். அவர்கள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அண்ணாச்சி தர்மத்துக்குச் செய்யவில்லை என்று எனக்கும் தெரியும், நான் கூறுகெட்டவள் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. பள்ளியிலிருந்து நேரே மட்டையும் கையுமாக வந்திருந்தவள், அப்படியே எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன்.

"இங்கன காத்து வாங்குதது யாரு? நீங்க பத்துப் பேரு. உங்க வீட்டுப் பொம்பளையள்ல ஒருத்தியாவது இந்த பெஞ்சுல இருந்திருக்காளா? இது பூங்கா இல்ல, ஆம்பளையாளுவ தின்னுட்டு வந்து அரட்டையடிக்க எடம். எம்பிள்ளையளுக்கு நாலு சொவரு வேணும். அண்ணாச்சி தாரேன்னு சொல்லுதாவ, வாங்கிக்கிட்டா என்ன கொறஞ்சு போச்சு?"

"ஏட்டி, வாய மூடிட்டு வீட்டுக்குப் போ" என்றான் அண்ணன்.

"போக மாட்டேன்."

"அண்ணாச்சிகிட்ட எவ்வளவு வாங்கின?"

ஊருக்கு முன்னால் கேட்டான்! எனக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. "நீ ஆபீஸ்ல வாங்குததுல பாதிகூட இல்ல" என்றேன். சிரிப்பு கிளம்பியது. அப்போதுதான் அறைந்தான். அப்போதுதான் நான் அடித்தேன்.

அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்காதீர்கள். நாற்காலிகள் பறந்தன. லைப்ரரி வேண்டும் என்று சொன்ன ஒரு வாத்தியார் வாயில் ரத்தத்தோடு பல்லைத் தேடிக்கொண்டிருந்தார். ரெண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே மருத்துவமனையில் அடுத்தடுத்து உட்கார்ந்து தையல் போட்டுக்கொண்டார்களாம். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ரெண்டு அடுப்பு. "ரெண்டு சனியனும் என் வயித்துலதான பொறந்திய" என்று அம்மா ரெண்டு அடுப்புக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதாள். நான் சமைத்ததை அண்ணனும், மதினி சமைத்ததை நானும் தொடவில்லை.

பூங்காவில் பாதியை அண்ணாச்சிக்கு விட அதிகாரிகள் சம்மதித்துவிட்டார்கள் என்று சீக்கிரமே செய்தி வந்தது. நான் இட்லிக் கடைக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பம் சரி டீச்சர், சொன்ன சொல்லு சொல்லுதான்" என்றார் அவர். மகள் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு அந்தக் கடையில் எனக்கு ரெண்டு இட்லி அதிகம் விழுந்தது.

அண்ணன் சும்மா இருப்பானா? எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரோட்டை அகலப்படுத்தவோ புறம்போக்கைக் காலிபண்ணவோ ஆள் வருகிறது என்று தெரிந்தால், அந்த இடத்தில் திடீரென்று சுடலைமாடன் பீடம் ஒன்று எழும்பிவிடும். இடுப்புயரச் செங்கல் பீடம்தான், உருவம்கூடக் கிடையாது. டேப்போடு அளக்க வந்தவன் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவான். பிள்ளையாரை வைத்தால் அண்ணாச்சி தூக்கிக்கொண்டுபோய் மண்டப வாசலில் வைத்துக்கொள்வார், மாடன்மேல் கை வைக்க எந்தக் கொம்பனுக்கும் தைரியம் வராது என்று அண்ணன் கணக்குப் போட்டான். கடைகளெல்லாம் அடைத்து ஊர் அடங்கி உறங்கும் ஒரு மத்தியான வெயிலில், வெளியூர்க் கொத்தனார் ஒருவரைக் கூட்டி வந்து வேம்படியில் பீடம் கட்டினான். வெள்ளையடித்தான், காவிப் பட்டை போட்டான். அதோடு விட்டிருந்தால் அது வெறும் செங்கல். நம்புகிற மாதிரி இருக்கட்டுமென்று அரளிமாலை சாத்தி, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரத்தையும் கொளுத்திவிட்டு வந்தான்.

தேவாரம் சொல்லி வளர்ந்தவனுக்கு மாடனைப் பற்றி என்ன தெரியும்? மாடன் கூப்பிட்டால் வருவார், வந்தால் கேட்பார். கேட்டதைக் கொடுக்காமல் விட்டால் சும்மா இருக்க மாட்டார். இதெல்லாம் எங்கள் வீட்டுக்குத் தெரியாத பாடம். கும்பிடுகிறவர்களுக்குத் தெரியும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜனம் வர ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஒரு அம்மாளுக்கு அருள் வந்தது. மறுவாரம் சேவல் அறுத்தார்கள். பெஞ்சுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அதைப் பார்த்து நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்வானேன்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இட்லிக் கடைக்காரரின் குலதெய்வம் ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் இருந்த சுடலைமாடன். பிழைப்புக்காக டவுணுக்கு வந்த பிறகு கொடைத் திருவிழாவுக்குக்கூடப் போக முடியாமல் வருஷக்கணக்கில் மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மனைவி செத்தது அந்தக் கோபத்தால்தான் என்று வேறு நம்பிக்கை. கடைக்கு எதிரே பீடத்தைப் பார்த்ததும் மனுஷர் சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டார்.

"நாங்க அவர விட்டுட்டு வந்தோம். அவரு எங்கள விடல, தேடி வந்துட்டாரு பாத்தியளா" என்று என்னிடமே சொல்லி அழுதார்.

"அது சாமி இல்ல, எங்க அண்ணன் ஆள் வச்சுக் கட்டுனது" என்றேன். பாவமாக என்னைப் பார்த்தார். கோட்டி பிடித்தவளைப் பார்க்கிற பார்வை.

சித்திரையில் கொடை வைத்தார்கள். மாடன் இறங்கி ஆடுகிற சாமிகொண்டாடி இட்லிக் கடைக்காரர்தான். கால்சலங்கையும் குல்லாயும் போட்டு, நுனியில் ஈட்டி மாட்டிய வல்லயத்தைப் பிடித்துக்கொண்டு ஆடினார். மத்தியானக் கொடையில் பீடத்துக்கு முன்னால் கிடாய்களை வெட்டினார்கள். நான் சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தில் ரத்தம் தேங்கி நின்று ஈ மொய்த்தது. எங்கள் வீட்டு வாசல்வரை கவிச்சி அடித்தது. அம்மா மூணு வேளையும் பட்டினி கிடந்தாள். அண்ணன் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பேயறைந்த முகம்.

கொடை முடிந்ததும் இட்லிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "இனிமே பொம்பளப் பிள்ளைய அங்கன கால் வைக்கக் கூடாது டீச்சர், தீட்டு. கொட்டகையும் வராது, நாங்க விட மாட்டோம். பிள்ளைக்கு ஆவணியில நாள் குறிச்சாச்சு." நான் என்னென்னவோ ஏசினேன். சாமிக்குக் கண்ணில்லையா என்றேன், உமக்கு வெட்கமில்லையா என்றேன். அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

ஆடி மாதம் ஒரு காலையில் புல்டோசர் வந்தது. அண்ணாச்சியின் ஆட்கள் கம்போடு வந்தார்கள். வேலை மேஸ்திரி ஒருவரும் கடப்பாரை மண்வெட்டியோடு நாலு கூலியாட்களும் கூட வந்தார்கள். பீடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு அஸ்திவாரம் தோண்டுவதாக ஏற்பாடு. தோண்டுவதைப் பார்க்கட்டும் என்று நான் என் பிள்ளைகளை மதிலுக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். இட்லிக் கடைக்காரர் மகளும் வந்து நின்றாள், வீட்டுக்குத் தெரியாமல்.

பீடத்தைச் சுற்றிக் கொடை நடத்தின ஆள்கள் அரிவாளோடு நின்றார்கள். நடுவில் அவள் அப்பா வல்லயத்தோடு ஆடிக்கொண்டிருந்தார். முதல் கல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. புல்டோசர்க்காரன் நெற்றி பிளந்து கீழே குதித்து ஓடினான். அண்ணாச்சியின் ஆட்கள் கம்பைச் சுழற்றினார்கள். ஒருத்தனுக்குக் காது தொங்கியது. இன்னொருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான், விரல் சந்துகளில் ரத்தம் வழிந்தது. "கொல்லுங்கல, கொல்லுங்கல" என்று ரெண்டு பக்கமும் ஒரே கூப்பாடு.

அண்ணன் நடுவில் ஓடினான். ஆபீசுக்குப் புறப்பட்ட வெள்ளைச் சட்டையோடு கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "நிப்பாட்டுங்கவே! சாமியுமில்ல, பூதமுமில்ல. நாந்தாம்வே கட்டுனேன்! கொத்தனாரக் கூட்டிட்டு வந்து நாந்தான் கட்டுனேன்!"

ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது. இட்லிக் கடைக்காரர் அவன் முன்னால் வந்தார். "சாமியக் கட்டுனியா? நீ யாருல சாமியக் கட்டுததுக்கு?" என்றார். அது அவர் குரலாகவே இல்லை.

பிறகு அண்ணன்மேல் விழுந்தார்கள். யாருக்குப் பயந்து பீடம் கட்டினானோ அந்த அண்ணாச்சியின் ஆட்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கட்டின பீடத்தைக் கும்பிட வந்தவர்கள் அவனை மிதித்தார்கள். நான் மதிலைத் தாண்டிக் குதித்தேன். அவனை நான் அடிக்கலாம், கண்டவன் அடிக்க விடமாட்டேன். கையில் கிடைத்த முடியைப் பிடித்து இழுத்தேன், கடித்தேன், ஒருத்தன் கண்ணில் மண்ணை அள்ளி எறிந்தேன். முதுகில் கம்பு விழுந்ததுகூடத் தெரியவில்லை. அண்ணன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். "தங்கச்சி, போயிரு, போயிரு" என்று அடியில் முனகினான்.

அப்போது செங்கல் உடைகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பிள்ளை கூலியாள் போட்டுவிட்டு ஓடின கடப்பாரையைத் தூக்கிப் பீடத்தில் ஓங்கி ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தாள். வெள்ளைப்பூச்சு தெறித்தது. உள்ளே சூளைக்காரன் எழுத்துப் பதித்த புதுச் செங்கல்.

"பாருங்கப்பா, செங்கல்தான்! செங்கல்தான்ப்பா! கண்ணத் தொறந்து பாருங்க!"

அவள் அப்பா பார்த்தார். நான் சாமி சத்தியமாகச் சொல்லுவேன், அவர் செங்கலைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் வல்லயத்தின் கம்பை ரெண்டு கையாலும் ஓங்கி அவள் வலது கையில் போட்டார். முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் மடங்கியது. கடப்பாரை கீழே விழுந்தது. அவர் இன்னும் ஒருமுறை போட்டார். அதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது.

அதிகாரிகள் பூங்காவைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். யாரும் கட்டக் கூடாது, யாரும் ஆடக் கூடாது, யாரும் உட்காரவும் கூடாது. பூசைக்கு மட்டும் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் திறந்துவிடுவார்களாம், ஊர் அமைதிக்காக! அண்ணாச்சி வேறு இடம் பார்த்து மண்டபம் கட்டப் போய்விட்டார். உடைந்த பீடத்தைச் சிமெண்டு பூசிச் சரியாக்கிவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் அண்ணன் தலை நிறையத் தையலோடு கிடந்தான். என் அடுப்பில் வைத்த கஞ்சியைக் கொண்டுபோய் ஊட்டினேன். அங்கிருந்து பெண்கள் வார்டுக்குப் போனேன். வாசலில் இட்லிக் கடைக்காரர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "நான் அடிக்கல டீச்சர், நான் அடிக்கல" என்றார். அப்படியே எட்டி மிதிக்கத் தோன்றியது. தாண்டிக்கொண்டு உள்ளே போனேன்.

தோள்வரை மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். எலும்பு கூடிவிடும், மட்டை பிடித்துச் சுழற்ற வராது என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அவளிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"கல்யாணத்த நிப்பாட்டிட்டாங்க டீச்சர். ஒடஞ்ச கையி மாமாவுக்கு வேண்டாமாம்" என்று சிரித்தாள். பிறகு இடது கையைத் தூக்கி விரித்து மூடிப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கையால ஆடிப் பழகலாம்லா?"

"பழகலாம்ட்டி. ஏன் பழகக் கூடாது? நான் சொல்லித் தாரேன். இடது கை ஆளுவ போடுத பந்த எடுக்கதுதான் கஷ்டம். கட்டு அவுத்த மறுநாளே ஆரம்பிச்சிருவோம்" என்றேன். எனக்கே பிடிபடாத வேகத்தில் என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டு போனேன்.

அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்கன வச்சு டீச்சர்?" என்றாள்.